போன் மகன் பையில்... நெல் அப்பா களத்தில்!

காஞ்சிபுரம் பக்கத்தில் போன் அடித்தாலும் எடுக்க முடியாத வேலைகள் இரண்டு உண்டு. ஒன்று, நடவு வயல் வேலை. இன்னொன்று, தறிக்குழி வேலை.

சேற்றில் இறங்குகிறவர் செல்போனைப் பாலித்தீன் பையில் சுற்றி வரப்பில் வைத்துவிட்டுத்தான் இறங்குவார். அது அடித்து ஓய்ந்த பிறகுதான் கரையேற முடியும். பிள்ளையார்பாளையம் தெருக்களில் தறிக்குழிக்குள் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருப்பவர் பாடு அதைவிடச் சிரமம். கோர்வைச் சேலை என்றால் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கு இரண்டு நாடா என மூன்று நாடா ஓட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா போட்டுக் கொடுக்க இன்னொருவர் வேண்டும். ஒருவர் எழுந்தால் இருவர் வேலையும் நிற்கும். அதனால் போன் அடிக்கும், ஓயும். பொழுது சாய்ந்ததும் எடுத்துப் பார்த்தால் திரையில் நான்கு மிஸ்டு கால் இருக்கும். யார் கூப்பிட்டார்கள் என்று தெரியும். எதற்குக் கூப்பிட்டார்கள் என்று தெரியாது.

இந்த ‘எதற்கு’ தெரியாமல் போவதால் சில நேரம் ஒரு போகமே கைவிட்டுப் போகிறது.

மிஸ்டு கால் சொல்லாத சேதி

இந்தியாவில் செல்போனில் முதல் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் போனது. அந்தக் காலத்தில் கூப்பிடுகிறவருக்கும் கட்டணம், எடுத்துப் பேசுகிறவருக்கும் கட்டணம். 2003 மே மாதத்திலிருந்துதான் கூப்பிடுகிறவர் மட்டும் கட்டணம் கொடுக்கும் முறை வந்தது. காசு கொடுக்காமல் சேதி சொல்ல ஜனங்கள் கண்டுபிடித்த வழிதான் மிஸ்டு கால். ஒரு ரிங் விட்டால் ‘கிளம்பிட்டேன்’, இரண்டு ரிங் விட்டால் ‘நீ கூப்பிடு’ என்று வீட்டுக்கு வீடு ஒரு கணக்கு இருந்தது.

அப்போதே வாய்ஸ் மெயில் என்ற வசதியும் இருந்தது. போனை எடுக்காவிட்டால் கூப்பிட்டவர் தன் குரலைப் பதிவு செய்துவிட்டு வைக்கலாம். பிறகு உரியவர் கேட்டுக்கொள்ளலாம். ஆனால், இயந்திரத்திடம் பேசுகிறவருக்கும் காசு போனது, அதைக் கேட்கிறவருக்கும் காசு போனது. மிஸ்டு கால் இலவசமாக இருக்கும்போது இதை யார் சீண்டுவார்கள்? நம் ஊரில் வாய்ஸ் மெயில் வேர் பிடிக்காமலே போனது.

அதில் இழப்பும் உண்டு. ‘கூப்பிடு’ என்பதற்கு மிஸ்டு கால் போதும். ‘நாளைக் காலை 9 மணிக்கு மூட்டையோடு வந்துவிடுங்கள்’ என்பதற்குப் போதாது.

ஒரு வீடு, ஒரு எண்

வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கம் எந்த ஊரிலும் இருக்கக்கூடிய ஒரு வீட்டை நினைத்துப் பார்க்கலாம். அப்பாவுக்கு ஏரிப்பாசனத்தில் ஒன்றரை ஏக்கர். அம்மா மாட்டையும் வீட்டையும் பார்த்துக்கொள்கிறார். மகன் ஒரகடத்தில் ஷிப்டு வேலைக்குப் போகிறான். அப்பாவிடம் இருப்பது பட்டன் போன். மகனிடம் இருப்பது ஸ்மார்ட் போன்.

சொர்ணவாரி அறுப்பு முடிந்து நெல் களத்துக்கு வருகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட வேண்டும். இதற்கு இணையத்தில் முன்பதிவு செய்யும் முறை 2021-க்குப் பிறகு தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. பதிவு செய்யும்போது கொடுக்கும் செல்போன் எண்ணுக்கே, எந்த நாளில் நெல்லைக் கொண்டுவர வேண்டும் என்ற குறுஞ்செய்தி வரும். பதிவு செய்ய அப்பாவுக்குத் தெரியாது. மகன்தான் தன் போனில் தட்டிக் கொடுத்தான். எண் கேட்ட கட்டத்தில் தன் எண்ணையே போட்டான். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஓ.டி.பி. வந்தால் உடனே பார்க்கலாம் என்ற வசதிதான்.

குறுஞ்செய்தி வருகிறது. அப்போது மகன் ஷிப்டில் இருக்கிறான். போனை உள்ளே எடுத்துப் போக விடாத ஆலைகளும் உண்டு. ராத்திரி வெளியே வந்து பார்க்கும்போது நாற்பது மெசேஜ் குவிந்து கிடக்கிறது. லோன் வேண்டுமா, ரீசார்ஜ் முடிகிறது, ஆடித் தள்ளுபடி... இவற்றுக்கு நடுவே நெல் மெசேஜ் ஒளிந்துகொள்கிறது. மூன்றாம் நாள் அப்பா கேட்கும்போதுதான் தேடிப் பார்க்கிறான். முறை போய்விட்டது.

களத்தில் நெல் தார்ப்பாயின் கீழ் கிடக்கிறது. ஆவணி மழை சாயங்காலம் வந்தால் சொல்லிக்கொண்டா வரும்? கொள்முதலுக்கு வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவிகிதம். ஒரு மழை போதும், அந்த வரம்பு தாண்டிவிடும். மறுபடி காய வைக்க ஆள் கூலி. அடியில் இருக்கும் நெல் முளைவிட்டால் அதுவும் நஷ்டம். காத்திருக்க முடியாமல் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்தால் வித்தியாசம் மொத்தமும் கையைவிட்டுப் போகும். அரசும் சேதி அனுப்பிவிட்டது, போனும் வாங்கிவிட்டது. ஆனால், சேதி போய்ச் சேர வேண்டிய ஆளுக்குப் போகவில்லை.

கிணற்றடியில் பேசும் பெட்டி

சேதி சரியான ஆளுக்கு வந்தால் எப்படி இருக்கும் என்பது உழவர்களுக்குத் தெரியாததல்ல. பம்புசெட்டில் மாட்டியிருக்கும் செல்போன் ஸ்டார்ட்டரே அதற்குச் சாட்சி. அந்தப் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். மும்முனை மின்சாரம் வந்ததும் அது உரியவருக்குத் தகவல் சொல்லும். சில பெட்டிகள் குறுஞ்செய்தி அனுப்பும். சில பெட்டிகள் போன் செய்து, பதிவு செய்த குரலில் மோட்டார் ஓடுகிறது என்று சொல்லும். ராத்திரி டார்ச் லைட்டோடு பாம்புக்குப் பயந்து கிணற்றுக்கு நடந்த நடை இதனால் குறைந்தது.

இங்கே யாரும் மகன் எண்ணைக் கொடுப்பதில்லை. தண்ணீர் பாய்ச்சுகிறவர் யாரோ அவர் எண்தான் பெட்டிக்குள் இருக்கும். மோட்டாருக்குக் காட்டும் அந்தக் கவனத்தை நெல் பதிவுக்கும், வங்கிக் கணக்குக்கும், ஆதாருக்கும் காட்டினால் பாதிச் சிக்கல் தீரும்.

குரலுக்கு ஒரு சீட்டு

இப்போது இன்டர்நெட் போன் வந்திருக்கிறது. சிம் கார்டோ, தெருவில் இழுத்த கம்பியோ இல்லாமல் இணையம் வழியே ஓடும் எண் இது. பி.எஸ்.என்.எல். நிறுவனம் 2018 ஜூலையில் ‘விங்ஸ்’ என்ற பெயரில் இப்படி ஒரு சேவையை அறிமுகம் செய்தது. சேலைக் கடை, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், விதைக் கடை போன்றவற்றுக்கு இது தோதான ஏற்பாடு. ஒரே எண்ணுக்கு வரும் அழைப்பை இரண்டு மூன்று பேர் எடுக்கலாம்.

யாரும் எடுக்காவிட்டால்? அழைப்பு நிறுவனத்தின் கணினிக்குப் போகும். அங்கே கூப்பிட்டவரின் குரல் பதிவாகும். அந்தக் குரல் கணினியிலேயே கிடக்கும். ஆப்பைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். கழனியில் நெட் கிடைக்காத இடத்தில் ஆப் எப்படித் திறக்கும்? அதற்காகத்தான் கணினி ஒரு குறுஞ்செய்தி அனுப்புகிறது. இந்த எண்ணிலிருந்து, இத்தனை மணிக்கு உங்களுக்கு ஒரு குரல் பதிவு வந்திருக்கிறது என்ற சீட்டு அது.

குறுஞ்செய்திக்கு இன்டர்நெட் வேண்டாம். சாதாரண சிக்னல் இருந்தால் போதும். பட்டன் போனுக்கும் வரும். போன் அணைந்திருந்தாலும் நிறுவனத்தின் கணினி அதைக் குறிப்பிட்ட காலம் பிடித்து வைத்து, போன் உயிர் பெற்றதும் அனுப்பும். உலகின் முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. எத்தனையோ புதுமை வந்த பிறகும் வங்கி முதல் வானிலை வரை இதையே நம்பியிருப்பதற்கு இந்த எளிமைதான் காரணம்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் இன்று வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் பதிவும் ஒரு வகை வாய்ஸ் மெயில்தான். 2013-ல் வந்த வசதி அது. படிக்கத் தெரியாத பாட்டியும் பேரன் குரலைப் பத்து முறை போட்டுக் கேட்கிறார். குரலுக்கு எழுத்தறிவு வேண்டாம். ஆனால், அதற்கு நெட் வேண்டும். குறுஞ்செய்திக்கு நெட் வேண்டாம், படிக்கத் தெரிய வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் சேதி முழுசாக வந்து சேரும்.

தமிழுக்கு எழுபது எழுத்து

குறுஞ்செய்தி ஏன் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகிறது என்று கேட்காதவர்கள் குறைவு. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து இடம். தமிழில் எழுதினால் 70 இடம்தான். அதிலும் புள்ளிக்கும் துணை எழுத்துக்கும் தனித்தனி இடம் போகும். ‘கொள்முதல்’ என்பது நமக்கு ஐந்து எழுத்து. போனுக்கு அது ஒன்பது. ஆங்கிலத்தில் ஒரே மெசேஜில் அடங்குவது தமிழில் இரண்டு, மூன்று மெசேஜாக நீளும். அனுப்புகிறவருக்குச் செலவும் அதற்கேற்பக் கூடும்.

செலவு கூடினாலும் பரவாயில்லை என்று தமிழில் அனுப்ப வேண்டிய சேதிகள் உண்டு. நெல் போடும் நாள் அதில் ஒன்று. ஏரி திறக்கும் நாள் இன்னொன்று. குடிமகனுக்குப் புரியாத மொழியில் போன சேதி, போகாத சேதிதான்.

கேட்டதற்கு எழுத்தில் பதில்

குரலையும் குறுஞ்செய்தியையும் சேர்த்துக் கட்டிய ஓர் ஏற்பாடு உழவர்களுக்கென்றே இருக்கிறது. மத்திய அரசின் கிசான் கால் சென்டர் 2004 ஜனவரி 21 அன்று தொடங்கப்பட்டது. 1800-180-1551 என்ற எண்ணுக்குக் கட்டணம் கிடையாது. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே பேசலாம். பின்னாளில் இதைச் சீரமைத்தபோது கணினி வழியே பேசும் போன்களைக் கொண்டுவந்தார்கள். லைன் கிடைக்காதபோது உழவரின் கேள்வியைப் பதிவு செய்ய வாய்ஸ் மெயில் வசதியும், சொன்ன பதிலின் சுருக்கத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்பும் வசதியும் சேர்ந்தன.

அந்தச் சுருக்கத்தின் அருமை மருந்துக் கடையில் தெரியும். இலைச்சுருட்டுப் புழுவுக்கு என்ன மருந்து, ஏக்கருக்கு எவ்வளவு என்று போனில் கேட்டது கடைக்குப் போவதற்குள் பாதி மறந்துவிடும். மறந்தவர் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கி வருவார். மெசேஜைக் காட்டுகிறவர் அதில் உள்ளதைத்தான் கேட்டு வாங்குவார். அதனால் அந்த எண்ணுக்குப் பேசும்போது, குறுஞ்செய்தி எந்த போனுக்கு வர வேண்டுமோ அந்தப் போனிலிருந்தே பேசுவது நல்லது.

நல்லவாட்டில் நடந்தது

சேதி ஒருவர் பையோடு நின்றுவிடாமல் ஊருக்கே போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு, காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே புதுச்சேரி கடற்கரையில் ஒரு சாட்சி இருக்கிறது.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரி வட்டாரக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. மீனவக் கிராமங்களில் அலை எவ்வளவு உயரம், காற்று எப்படி என்ற விவரத்தைத் தினமும் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26 காலை. சிங்கப்பூரில் இருந்த நல்லவாட்டு இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் ஆழிப்பேரலைச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் செய்தார். போன் சேதி அந்த ஒரு வீட்டோடு நின்றிருந்தால் அந்த வீடு மட்டும்தான் தப்பியிருக்கும். ஊர்க்காரர்கள் தகவல் மையத்துக்கு ஓடி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியேறி உயிர் தப்பினார்கள். வீடுகளும் படகுகளும் போயின. உயிர்கள் நின்றன.

கிராமங்களில் முன்பு இந்த வேலையைத் தண்டோரா செய்தது. பறையடித்துச் சொல்லும் அந்த வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2022-ல் நிறுத்தச் சொன்னது. ஒரு சாதியினர் தலையில் கட்டப்பட்ட வேலை அது என்பதால் நிறுத்தியது சரிதான். ஆனால், தெருவெல்லாம் கேட்ட சேதி இப்போது தனித்தனிப் பைகளுக்குள் போய்விட்டது. பக்கத்துக் களத்துக்காரருக்கு வந்த மெசேஜ் இன்னொருவருக்குத் தெரிவதில்லை. நெல் போட நாள் வந்துவிட்டது என்று தெரிந்தவர், பக்கத்துக் களத்தில் இருப்பவரிடம் ‘உங்களுக்கு வந்ததா அண்ணே?’ என்று ஒரு வார்த்தை கேட்கலாம். அதற்கு ரீசார்ஜ் தேவையில்லை.

சீட்டிலும் கள்ளச் சீட்டு உண்டு

குறுஞ்செய்தியை ஜனங்கள் நம்புகிறார்கள் என்பது திருடர்களுக்கும் தெரியும். ‘உங்களுக்கு ஒரு வாய்ஸ் மெயில் வந்திருக்கிறது, கேட்க இந்த லிங்க்கைத் தொடவும்’ என்ற பொய் மெசேஜ் 2021-ல் ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் ஏராளமானோருக்குப் போனது. தொட்டவர்களின் போனுக்குள் கள்ள ஆப் புகுந்து வங்கி விவரத்தைத் திருடியது. நம் ஊரில் அதே வேலையை மானியம், மின் கட்டணம், பி.எம். கிசான் என்ற பெயர்களில் செய்கிறார்கள்.

இன்னொரு ஏமாற்று வழியும் உண்டு. நட்சத்திரக் குறியில் தொடங்கும் ஒரு எண்ணை அழுத்தச் சொல்வார்கள். அழுத்தினால் வீட்டுக்கு வர வேண்டிய அழைப்பெல்லாம் திருடன் போனுக்குத் திரும்பிவிடும். எடுக்காத அழைப்பை வாய்ஸ் மெயிலுக்குத் திருப்புவதும் இதே வழியில்தான். நல்லதுக்கு வைத்த வாசலில் கள்ளனும் நுழைகிறான். ஏமாந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் ##002# என்று அழுத்தி அழைத்தால் எல்லாத் திருப்பமும் ரத்தாகும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

உண்மையான மெசேஜை அடையாளம் காண 2025-ல் ஒரு வழி வந்திருக்கிறது. அனுப்பியவர் பெயருக்குப் பின்னால் சிறு கோடு போட்டு ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். ‘ஜி’ என்றால் அரசு, ‘எஸ்’ என்றால் சேவை, ‘டி’ என்றால் பரிவர்த்தனை, ‘பி’ என்றால் விளம்பரம். பத்து இலக்க எண்ணிலிருந்து ‘அரசு மானியம்’ என்று வந்தால் திறக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

பெரிய செலவு எதுவும் இல்லாத சில ஏற்பாடுகள் போதும். நெல் பதிவுக்கு, பகலில் களத்தில் இருப்பவர் எண்ணைக் கொடுக்க வேண்டும். அவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால், வீட்டில் இருக்கும், படிக்கத் தெரிந்த மருமகள் எண்ணைக் கொடுக்கலாம். ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் எந்த எண் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பழைய எண் என்றால் ஆதார் சேவை மையத்திலும் வங்கிக் கிளையிலும் மாற்றிக்கொள்ளலாம். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் செயலிழந்து, சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடலாம். அப்புறம் நம் ஓ.டி.பி. அவருக்குப் போகும்.

பதிவு செய்த நாளிலிருந்து நெல் போடும் வரை, தினமும் சாயங்காலம் ஒருவர் மெசேஜ்களைப் படித்துச் சொல்வதை வழக்கமாக்கலாம். முக்கியமானதைச் சுவர்க் காலண்டரில் அந்தத் தேதியில் எழுதிவிட்டால் எல்லார் கண்ணிலும் படும். வேண்டாத விளம்பர மெசேஜ் குவிந்தால் 1909 என்ற எண்ணுக்குச் சொல்லி நிறுத்தலாம்.

குரல் பதிவு அனுப்பும்போது முதலில் பெயர், ஊர். அடுத்து விஷயம், தேதி, நேரம். கடைசியில், திரும்பக் கூப்பிட வேண்டுமா வேண்டாமா என்பது. ‘ஹலோ... ஹலோ... கேக்குதா?’ என்று பாதி நேரம் போய்விட்டால், தறிக்குழியிலிருந்து ஏறிவந்து கேட்கிறவருக்கு ஒன்றும் கிடைக்காது.

அடுத்த போகத்துக்குப் பதிவு செய்ய உட்காரும்போது, செல்போன் எண் கேட்கும் அந்தச் சின்னக் கட்டத்தில் விரல் வைப்பதற்கு முன் வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: காலை பத்து மணிக்கு இந்தப் போன் யார் கையில் இருக்கும்?